கச்சான் வாங்கப் போகாத ஞாயிறு

மாப்பிள்ளே,

இன்று காலையில் என் மருமகள் மாசி இடித்தாள். தூத்துக்குடியில் இருந்து அவள் தம்பி கொண்டுவந்தது. சூரை மீனை அவித்து, புகையிட்டு, விறகுக் கட்டை போலக் காயவைத்த மாசி. உரலில் இரண்டு இடி விழுந்ததுமே வாசனை வீடு முழுக்க ஏறிவிட்டது. நான் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வேப்பங்குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. கொழும்பில் நம் கடையின் பின்கட்டில், பகல் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப் பூவும் வற்றலும் மாசியும் சேர்த்து இடிக்கிற வாசனை அது. அந்த வாசனையோடு நீயும் வருவாய். "சீக்கிரம் தின்னுலே, பேண்டு வாசிக்க ஆரம்பிச்சிருவான்" என்று என் தட்டில் இருந்தே ஒரு கவளத்தை எடுத்து உன் வாயில் போட்டுக்கொள்வாய்.

குச்சியைத் துப்பிவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். "சாப்பிட்டுட்டு எழுதுங்களேன் மாமா, பேனா எங்க ஓடிப் போவுது?" என்றாள் மருமகள். பேனா ஓடாது. நான்தான் ஓடிவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியுமே.

இது நானே என் கையால் எழுதுகிற முதல் கடிதம். நான் பண்டல் கட்டிக்கொண்டிருந்த தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிற சண்முகத்தாய் என்ற பிள்ளை, எட்டு மாதமாகச் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளை உட்காரவைத்து எழுத்து சொல்லித் தருகிறாள். என் பெயரை நானே எழுதிப் பார்த்த அன்று நான் சிரித்த சிரிப்புக்கு அவள் பயந்துவிட்டாள். போன மாதம் விளாத்திகுளம் பஸ்ஸைப் பெயர் படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. வழியில் வந்த ஊர்ப் பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

"இனிமே ஒரு கடிதம் எழுதிப் பழகணும் தாத்தா" என்றாள் சண்முகத்தாய்.

"யாருக்கு எழுத? எழுதணும்னு நெனச்ச ஆளு போய்ச் சேந்துட்டான்."

"நல்லதாப் போச்சு. தப்புத் தப்பா எழுதுனாலும் திருப்பி அனுப்ப மாட்டாவல்லா. தைரியமா எழுதுங்க."

தைரியம் அவளுக்கு எளிதாக வருகிறது. எனக்கு வரவில்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொல்லாமலே நோட்டை மூடிவிடுவேன். உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். நீ கண்ணை மூடும்வரை அதைத் திருத்தவில்லை. இன்னொருவர் கையால் எழுதவைக்கிற விஷயம் இல்லையே, அதனால்தான் இத்தனை காலம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பாதிப் பொய்தான். முப்பது வருடம் ஒரே ஊரில் இருந்தோம். வாயால் சொல்லியிருக்கலாம்.

நாம் கப்பலேறிய வருடம் மழை இரண்டாம் தடவையும் ஏமாற்றிவிட்டது. கரிசல் தரை, கால் புதைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உன் அத்தா ஸ்டேஷன் பக்கம் வைத்திருந்த சைக்கிள் கடையில், வாடகைக்கு எடுக்க ஆளில்லாமல் சைக்கிள்கள் வரிசையாகத் தூங்கின. எனக்கு நிலமும் இல்லை, நிலம் வைத்திருந்தவர்களிடம் வேலையும் இல்லை. நம் ஊர் வற்றல் வியாபாரி ஒருவருக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தக் கடை இருந்தது. மூட்டை தூக்க என்னையும், அஞ்சாங்கிளாஸ் படித்தவன் என்று தராசுக்கு உன்னையும் அவர் கூட்டிக்கொண்டார். கிளம்புகிற அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "அவனுக்குப் பாட்டுச் சத்தம் கேட்டாக் காலு தரையில நிக்காதுய்யா. நீதான் பாத்துக்கிடணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மணியாச்சியில் ரயில் மாறும்போது இருந்தே பயப்பட ஆரம்பித்தேன்.

நம் பக்கத்தில் பாட்டுக்கு ஒரு பருவம் உண்டு. கோவில் கொடை, பங்குனித் திருவிழா, உங்கள் சந்தனக்கூடு. அந்த நாட்களில் நாயனமும் தவிலும் ஊரைத் தூக்கிப் போடும். மற்ற நாளெல்லாம் காற்றுச் சத்தம்தான். அந்தத் தீவிலோ பாட்டு தெருவில் கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போனால், பிடிலும் மேண்டலினும் ஒரு வட்ட மத்தளமும் வைத்துக்கொண்டு நாலு பேர் பைலா பாடுவார்கள். ஒருவன் ஒரு வரி போட, எதிரே நிற்பவன் அதை மடக்கி இன்னொரு வரி போட, சுற்றி நிற்பவர்கள் கைதட்டிக்கொண்டே இடுப்பை ஆட்டுவார்கள். சிங்களம் நமக்கு மூட்டை, எடை, விலை அளவுக்குத்தான் தெரியும். உனக்கு அது ஒரு குறையே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று ஆடுவாய். சித்திரை பிறந்தால் பெண்கள் ரபான் என்கிற பெரிய வட்டப் பறையைச் சுற்றி உட்கார்ந்து, எட்டுக் கை, பத்துக் கை சேர்த்து அடிப்பார்கள். நீ வேலியோரம் நின்று உன் தொடையில் அதே தாளத்தைப் போடுவாய். ஆடிவேல் தேருக்கு நம் பக்கத்து நாயனக்காரர்களே வந்திறங்கியபோது, "எங்க ஊருக்காரன்! எங்க ஊருக்காரன்!" என்று சுற்றி நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாய். அவர்கள் எந்த ஊர் என்று நீ விசாரித்ததே இல்லை.

எனக்கும் பிடித்திருந்தது மாப்பிள்ளே. அதையும் உன்னிடம் சொன்னதில்லை. மூட்டை சுமந்து வலித்த தோள், அந்த மத்தளச் சத்தத்தில் இளகும். ஆனால் நீ தாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கூட்டத்தில் எத்தனை காக்கிச் சட்டை என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

காரணம் இருந்தது. போய் ஒரு வருடத்தில் உன் பெர்மிட் முடிந்துவிட்டது. அந்த நாட்டில் தங்க அரசாங்கம் கொடுத்த தாள் அது. நீட்டித்துத் தரச் சொல்லி முதலாளி எழுதிப் போட்டிருந்தார். பதில் வரவில்லை. "ஏலே, பதில் வார வரைக்கும் கடை உண்டு, படுக்கை உண்டுன்னு கெட" என்று உன்னிடம் அவர் படித்துப் படித்துச் சொன்னார். "புறக்கோட்டையைத் தாண்டுனேன்னு வையி, புடிச்சு உள்ள வச்சு, அப்பறம் கப்பல்ல ஏத்திருவான். ஒரு தடவை அப்படி ஏத்திட்டா இந்த சென்மத்துல இந்தக் கரையில கால் வைக்க முடியாது." என் பெர்மிட்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. நீதான் அதில் இருந்த எண்களைப் படித்துச் சொன்னாய். ஆனாலும் அதை மடியில் கட்டிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவனுக்கு எந்தத் தாளைப் பார்த்தாலும் பயம்தான்.

முதலாளி அவ்வளவு சொல்லியும் நீ போன இடம் எது? போலீஸ் பேண்டு.

இப்போதும் எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் பக்கத்துப் பூங்காவில், வட்ட மேடை மேல் போலீஸ் வாத்தியக்காரர்கள் முப்பது பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். துரைமார் மாதிரி உடுத்திய குடும்பங்கள் நாற்காலியிலும், நம்மைப் போன்றவர்கள் புல்லிலும் இருந்து கேட்பார்கள். நீ புல்லில் முதல் வரிசை. நான் வெளிவாசலுக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி மரத்தடி.

"தப்பிச்சு ஓட எடம் பாத்துட்டுப் பாட்டுக் கேக்க உக்காந்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தாம்லே."

"முப்பது போலீசுக்கு முன்னால பெர்மிட்டு இல்லாம சம்மணம் போட்டு உக்காந்தவனும் நீ ஒருத்தன்தான்."

"அவன் ரெண்டு கையிலயும் வாத்தியம் இருக்கு. எந்தக் கையால புடிப்பான்?"

உன்னிடம் பேசி யார் ஜெயித்தார்கள்?

அந்தப் பேண்டில் உனக்கு ஒருவர்தான் கண்கண்ட தெய்வம். கிளாரினெட் வாசித்தவர். கறுத்து, மெலிந்து, காதோரம் நரைத்தவர், சட்டைக் கையில் மூன்று பட்டை. "நம்மூரு நாயனத்துக்கு இது தம்பி முறை மாப்ளே. அண்ணன் கத்துவான், இவன் உருகுவான்" என்றாய். வாரம் முழுக்க வற்றல் நிறுத்துக்கொண்டே அவர் வாசித்ததை விசில் அடிப்பாய். இடையில் தும்மல் வந்தால், தும்மி முடித்து விட்ட இடத்தில் இருந்து தொடங்குவாய்.

மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு. அன்று நீ தோளில் புதுத் துண்டு போட்டிருந்தாய். சிவப்புக் கரை வைத்த வெள்ளைத் துண்டு. ஊருக்குப் போகும்போது உன் அத்தாவுக்குக் கொடுக்க என்று வாங்கியது. ஏன் இன்று போட்டுக்கொண்டு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பாட்டின் பெயர் நம் இருவருக்கும் தெரியாது. மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி, கிளாரினெட் மட்டும் தனியாக ஏறியது. ஏறின இடத்தில் நின்று, இறங்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நானே காக்கிச் சட்டைகளை எண்ண மறந்துவிட்டேன். அப்போது நீ எழுந்தாய்.

நம் ஊர் வழக்கம் உன் ரத்தத்தில் இருந்தது. நாயனக்காரர் உருக்கி எடுத்துவிட்டால், கேட்டவர்களில் ஒருவர் அந்த நிமிடமே எழுந்து போய் அவர் தோளில் துண்டைப் போர்த்திவிட்டு வரவேண்டும். பாட்டு முடியும்வரை காத்திருப்பது மரியாதைக் குறைவு. "துண்டு போடாம கேட்டுட்டுப் போறது, பந்தியில தின்னுட்டு இலைய எடுக்காமப் போற மாதிரி" என்று நீயே சொல்வாய். அது கோவில்பட்டியில் சரி. நீ ஏறியது போலீஸ் மேடை.

படியில் நீ ஏறுவதைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பேண்டு மாஸ்டர் கையில் குச்சியோடு திரும்பிப் பார்த்தார். நீ அவரைக் கவனிக்கவே இல்லை. நேராகப் போய், வாசித்துக்கொண்டிருந்தவரின் தோளில் துண்டைப் போர்த்தி, நெஞ்சில் கை வைத்து ஒரு சலாம் சொல்லிவிட்டு, படியில் இறங்கினாய். கீழே கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தான். உன் முழங்கையைப் பிடித்தான்.

நீ ஒருமுறை திரும்பி, மரத்தடியைப் பார்த்தாய்.

நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

இதுதான் மாப்பிள்ளே. இதை எழுதத்தான் எட்டு மாதம் எழுத்துக் கற்றேன் போலிருக்கிறது. என் மடியில் சரியான தாள் இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "நம்ம கடை ஆளுதான்யா, தெரியாமச் செஞ்சிட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்ல நான் வந்திருக்கலாம். உன் அம்மாவிடம் வாக்கும் கொடுத்திருந்தேன். ஆனால் என் கால் என்னைக் கேட்காமல் மரத்தைச் சுற்றிப் போய்விட்டது. பட்டையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த காவல் கூண்டுக்குக் கூட்டிப் போனான். நீ மறையும்வரை பார்த்தேன். பிறகு கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றேன். பிறகு நடந்தே கடைக்கு வந்து, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். முதலாளியிடம் எப்படிச் சொல்வது, உன் வீட்டுக்கு யாரை எழுதச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நீ வந்தாய். சிரித்துக்கொண்டே வந்தாய். கையில் அந்தத் துண்டு, நாலாக மடித்தபடி.

"எங்கலே போன? மரத்தடியப் பாத்தேன், ஆளக் காணும்."

"கச்சான் வாங்கப் போனேன்." வேர்க்கடலைக்கு அந்த ஊர்ப் பெயர்தான் முதலில் வாயில் வந்தது. "வந்து பாத்தா நீ இல்ல."

"நல்ல வேளை மாப்ளே! தனியாவா வந்தேன்னு கேட்டான். தனியாத்தான் வந்தேன்னு சொல்லிட்டேன். எங்க வேலைன்னான். மொளகாக் கடைன்னேன். மேல கேக்கதுக்குள்ள எனக்குத் தும்மல் வந்துட்டு, அவனுக்கும் வந்துட்டு. எஞ் சட்டையில அம்புட்டு வத்தல் தூளு. பேண்டு முடியுற வரைக்கும் உக்கார வச்சுட்டு, பாட்டு நடுவுல மேடையில ஏறப்படாது, போன்னுட்டான். பெர்மிட்ட அவன் கேக்கவே இல்ல." பிறகு என் கையைப் பார்த்தாய். "கச்சான் எங்க?"

"தின்னுட்டேன்."

"எனக்கு ஒண்ணுகூட வைக்கலியா, பாவி?"

சிரித்தோம். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, வேறு குரலில் சொன்னாய்: "திருப்பிக் குடுத்தனுப்பிட்டார் மாப்ளே. அந்தக் கான்ஸ்டபிள்ட்ட குடுத்து விட்டுருக்கார். போட்ட துண்டை நம்மூருல யாராவது திருப்பிக் குடுப்பாவளா? நான் எறங்குன உடனே தூக்கிக் கடாசியிருப்பார் போல. சனமெல்லாம் சிரிச்சிருக்கும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அப்போதே. நான் எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். ஆனால் பார்த்தேன் என்று சொன்னால், எங்கே நின்று பார்த்தாய் என்று நீ கேட்பாய். "அது கெடக்கு விடு" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

அதற்குப் பிறகு நீ ஒரு ஞாயிறும் பேண்டு கேட்கப் போகவில்லை. போலீசுக்குப் பயந்து என்று முதலாளி நினைத்துச் சந்தோஷப்பட்டார். எனக்குத் தெரியும், நீ போலீசுக்குப் பயந்தவன் இல்லை. அந்த மனிதர் முகத்தில் விழிக்க உனக்கு வெட்கமாக இருந்தது. வற்றல் நிறுக்கும்போது விசில் அடிப்பதும் நின்றுவிட்டது. நான்கு மாதம் கழித்து, பெர்மிட் கிடையாது என்று பதில் வந்தது. மூன்று வாரத்தில் உன்னைக் கப்பலேற்றினோம். அந்த நான்கு மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினாறு. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கிளாரினெட் அங்கே வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அதைக் கேட்க விடாமல் உன்னைப் பிடித்துவைத்தது கான்ஸ்டபிள் இல்லை, நான்.

என் பெர்மிட்டை மட்டும் நீட்டித்துக் கொடுத்தார்கள்; நீ போன பிறகு இரண்டு வருடம் அங்கே இருந்தேன். கடைக் கணக்கப்பிள்ளைதான் என் கடிதங்களை எழுதினார். ஒவ்வொரு தடவையும் அந்த இடம்வரை வருவேன். "வேறென்ன எழுதணும்?" என்பார் அவர். "வேற ஒண்ணுமில்ல. நலம்னு போடுங்க" என்பேன்.

ஊருக்குத் திரும்பினால், நீ உன் அத்தாவின் சைக்கிள் கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கோவில்பட்டிக்கே சொல்லிவைத்திருந்தாய். போலீஸ் மேடையில் துண்டு போட்ட கதை. பஞ்சர் ஒட்டிக்கொண்டே நீ சொல்ல, கேட்டவர்கள் டியூப் ஒட்டிக் காய்ந்த பிறகும் போகமாட்டார்கள். கதை முடிவில் என்னைக் காட்டுவாய். "இந்தா நிக்குதானே, இவன் அந்நேரம் பாத்துக் கச்சான் வாங்கப் போயிட்டான். பாக்கக் குடுத்து வைக்கல, பாவம்." எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் 'கச்சான்' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. ஆபீஸ் கேட்டில் கூட "கச்சான் வந்துட்டாவளா?" என்றுதான் கேட்பார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கே அந்தப் பெயர் தெரியும். யார் கூப்பிட்டாலும் ஒரு நிமிடம் அந்த மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் பார்க்காமல் போய்விட்டேனே என்று நீ எனக்காக வருத்தப்பட்டாய். நாம் தனியாக இருக்கும்போது, எனக்காகவே மறுபடி விவரமாகச் சொல்வாய். எத்தனை படி, அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், நீ எந்தக் கையால் போர்த்தினாய் என்று எல்லாம். மூன்று படி என்பாய். நாலு படி மாப்பிள்ளே. நான் எண்ணியிருக்கிறேன். தலையாட்டிக்கொண்டு கேட்பேன்.

கடைசியில் நீ படுக்கையில் கிடந்தபோது உன்னைப் பார்க்க வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாய்: "மாப்ளே, அந்தத் துண்டை அவரு உடனே எடுத்திருப்பாரோ? இல்ல, கொஞ்ச நேரமாவது போட்டுருந்திருப்பாரோ?"

என் வாய் திறந்தது. உன் மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால் எப்படி என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கச்சான் வாங்கல்லா போயிருந்தேன்" என்றேன்.

"ஆமா, நீ அங்கன இல்லைல்லா" என்று சொல்லி, எனக்காகச் சிரித்தாய். மூன்றாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் தோள் கொடுத்தேன். கொடுக்கத் தகுதி இல்லை என்று யாருக்கும் தெரியாது.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒன்றையும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

சனம் சிரித்தது. முதலில் சிரித்தது, அதை மறைக்க மாட்டேன். குடை வைத்திருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். ஆனால் அந்த மனிதர் வாசிப்பதை நிறுத்தவில்லை. நீ சாலையைக் கடக்கிறவரை அவர் கண் உன் பின்னாலேயே போனது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. அன்று வேறு எந்தப் பாட்டுக்கும் அவ்வளவு நேரம் தட்டவில்லை. பாட்டுக்காகத் தட்டினார்களா, உனக்காகத் தட்டினார்களா என்று எனக்குத் தெரியாது.

பேண்டு மாஸ்டர் அவரைப் பார்த்து, துண்டை எடுத்துவிடு என்று குச்சியால் சைகை காட்டினார். அவர் இல்லை என்று தலையாட்டினார். நான் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டவர், மாஸ்டர் சொல்லியும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து பாட்டு வாசித்தார்கள். ஐந்துக்கும் உன் துண்டு அவர் தோளில்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை கடற்காற்று அதை நழுவவைத்தது. கிளாரினெட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்து மற்றவர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும்போதுதான் எடுத்தார். நாற்காலி மேல் விரித்து, சுருக்கம் நீவி, அவரே நாலாக மடித்தார். மேடையடிக்குத் திரும்பி வந்திருந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, நீ போன பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். நம் வழக்கம் அவருக்குத் தெரியாது மாப்பிள்ளே. ஏழை ஒருவன் ஆசையில் தன் புதுத் துணியை விட்டுவிட்டுப் போகிறான், அவனிடம் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்திருப்பார். தூக்கி எறிந்த துண்டு அப்படி மடிந்து வராது.

எழுதி முடித்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நீ இருந்தால் இதைப் படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பாய் என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கிறது. சிரித்திருப்பாயா, எழுந்து உள்ளே போயிருப்பாயா, அந்தப் பதினாறு ஞாயிற்றையும் என்னிடம் திருப்பிக் கேட்டிருப்பாயா?

இத்தனை காலம் பயத்தை மட்டும்தான் சுமந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அதற்கு அடியில் இன்னொன்றையும் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். முப்பது போலீஸ்காரர்களுக்கு நடுவில், சாரமும் வற்றல் தூள் படிந்த சட்டையுமாக, மனசு நிறைந்துபோன ஒருவன் நாலு படி ஏறிப் போகிறான். அதை நான் பார்த்தேன். முழுதாகப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது, மாப்பிள்ளே.